பொலோனியஸ் பேசியதில் பாதியை மட்டும் பாடமாக வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய இளங்கலை ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வரும் கல்வியாண்டுக்கான திருத்திய பாடத்திட்டம் எங்கள் துறைக்கு வந்து சேர்ந்தது. ஷேக்ஸ்பியர் தாளில் இதுவரை முழு நாடகமாக இருந்த 'ஹாம்லெட்' இனிமேல் 'தேர்ந்தெடுத்த பகுதிகள்' மட்டும்தான். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்கிறது சுற்றறிக்கை. சரி, குறையட்டும். ஷேக்ஸ்பியர் எழுதியதிலேயே நீளமான நாடகம் அது. ஒரு வரி விடாமல் மேடையேற்றினால் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஒரு பருவத்துக்குள் அதை நடத்தி முடிக்க எங்களுக்கே மூச்சு வாங்கும். வெட்டியதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. கத்தரியை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதுதான் என் புகார்.

முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில், பிரான்சுக்குக் கப்பலேறப் போகும் மகன் லாயர்டீஸுக்கு, டென்மார்க் அரசனின் ஆலோசகர் பொலோனியஸ் சொல்லும் அறிவுரையை மட்டும் எடுத்து, 'தந்தையின் அறிவுரை' என்று தலைப்புக் கொடுத்து, மனப்பாடப் பகுதி ஆக்கியிருக்கிறீர்கள். மகன் கிளம்பிய கையோடு அதே மேடையில் மகள் ஒஃபீலியாவிடம் அவர் பேசுவதை எடுத்துவிட்டீர்கள். இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சி மொத்தமாகப் போய்விட்டது. மூன்றாம் அங்கத்தில் 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்ற புகழ்பெற்ற தனிமொழி இருக்கிறது. அது முடிந்து ஹாம்லெட் ஒஃபீலியாவைப் பார்க்கும் இடத்தில் பகுதி முடிந்துவிடுகிறது. அப்புறம் மாதிரி வினாத்தாளைப் புரட்டினால், பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: 'பொலோனியஸ் ஓர் இலட்சியத் தந்தை என்பதை விளக்குக.'

இந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அறிவுரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மனதில் பட்டதை எல்லாம் கொட்டிவிடாதே. எல்லோரிடமும் பழகு, மலிவாகிவிடாதே. சோதித்துப் பார்த்த நண்பனை எஃகு வளையம் போட்டுப் பிணைத்துக்கொள். எல்லோருக்கும் காது கொடு, சிலரிடம் மட்டும் வாய் திற. கடன் வாங்காதே, கொடுக்கவும் செய்யாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, உனக்கு நீ உண்மையாக இரு. ஆத்திசூடி படித்து வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துப் போவதில் ஆச்சரியம் இல்லை. நமக்கு மட்டுமல்ல, 1603இல் வந்த முதல் அச்சுப் பதிப்பிலேயே (அதில் இவருக்குப் பெயர் கொராம்பிஸ்) இந்த வரிகளின் ஓரத்தில் மேற்கோள் குறி போட்டிருந்தார்கள், வாசகர் குறிப்பேட்டில் எடுத்தெழுதிக்கொள்ள வசதியாக. அதாவது, இந்த மனிதரிடமிருந்து பொன்மொழியை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளும் பழக்கம் நானூறு வருடப் பழக்கம். நீங்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் 'தந்தை சொல்மிக்க மந்திரமில்லை' என்ற கொன்றை வேந்தன் வரியைப் பாடத்தின் முன்குறிப்பில் சேர்த்திருக்கிறீர்கள். ஔவையை இதில் இழுத்திருக்க வேண்டாம்.

நீங்கள் வெட்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த வருடம் வரப்போகும் மாணவர்களுக்குத் தெரியாது.

லாயர்டீஸ் வாசலைத் தாண்டியதும், 'அவன் உன்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறான்?' என்று ஒஃபீலியாவைக் கேட்கிறார் பொலோனியஸ். இளவரசர் ஹாம்லெட்டைப் பற்றி என்கிறாள். அவர் தன்னிடம் அன்பு காட்டியிருக்கிறார், கண்ணியமாகத்தான் நடந்துகொண்டார் என்கிறாள். 'அன்பா! ஒன்றும் தெரியாத சின்னப் பெண் மாதிரிப் பேசுகிறாய். இதையெல்லாம் நீ நம்புகிறாயா?' என்கிறார் அப்பா. அவள் பதில்: 'நான் என்ன நினைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா.' அதற்கு அவர் சொல்வதுதான் முக்கியம்: 'நான் சொல்லித் தருகிறேன். உன்னை ஒரு கைக்குழந்தை என்று நினைத்துக்கொள்.' அதன் பிறகு அவர் பேச்சு முழுக்கக் கடைத்தெருப் பேச்சு. செல்லாக் காசை நல்ல காசென்று வாங்கிவிட்டாயாம், உன் விலையை ஏற்றி வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் என்னைத்தான் முட்டாளாக்குவாயாம். அவள் என்ன நினைக்கிறாள், அவளுக்கு என்ன ஆகும் என்பதை விட, ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்குமே என்பதுதான் அவர் கவலை. கடைசியில் உத்தரவு: இனிமேல் அவனோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. 'கீழ்ப்படிகிறேன், ஐயா' என்கிறாள். காட்சி முடிகிறது.

மகனுக்கு 'உனக்கு நீ உண்மையாக இரு' என்று சொன்னவர்தான், சற்று நேரத்துக்குள் மகளிடம் 'என்ன நினைப்பது என்பதையும் நான் சொல்லித் தருகிறேன்' என்கிறார். இரண்டையும் ஒரே காட்சிக்குள் அடுத்தடுத்து வைத்தது ஷேக்ஸ்பியர். நடுவில் வெட்டினால் மிஞ்சுவது நாட்காட்டியில் போடுகிற வாசகம்.

மகனுக்காவது அந்தச் சுதந்திரம் உண்மையா என்று பார்த்தால், நீங்கள் எடுத்துவிட்ட இரண்டாம் அங்கத்து முதல் காட்சி பதில் சொல்கிறது. ரெனால்டோ என்ற வேலையாளிடம் பணமும் கடிதமும் கொடுத்துப் பாரிஸுக்கு அனுப்புகிறார் பொலோனியஸ். மகனைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால், அங்கே இருக்கும் டேனிஷ்காரர்களிடம் விசாரிக்க வேண்டும். எப்படி விசாரிப்பது? மகனைப் பற்றி நீயே சில பொய்களைக் கிளப்பிவிடு என்கிறார். சூதாடுவான், குடிப்பான், சண்டை போடுவான், கெட்ட சகவாசம் உண்டு என்று சொல்லிப் பார். எதிரில் இருப்பவன் 'ஆமாம், நானும் பார்த்தேன்' என்று சொல்கிறானா என்று கவனி. பொய் என்ற இரையைப் போட்டால் உண்மை என்ற மீன் மாட்டுமாம். தான் பெற்ற பிள்ளையின் பெயரை அயல் ஊரில் தானே கெடுத்து, அதிலிருந்து அவன் நடத்தையைத் தெரிந்துகொள்ளும் தந்தை! இவரைத்தான் இலட்சியத் தந்தை என்று பத்து மதிப்பெண்ணுக்கு விளக்கச் சொல்கிறீர்கள்.

இந்தக் காட்சியை நடத்தும்போது வகுப்பு எப்போதும் சிரிக்கும். நடுவில் கிழவருக்குச் சொல்ல வந்தது மறந்துபோய், 'நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?' என்று ரெனால்டோவையே கேட்பார். நன்றாக நடிக்கத் தெரிந்த மாணவன் வாசித்தால் கைதட்டல் நிச்சயம். ஒரு முறை அப்படிச் சிரித்து ஓய்ந்தபோது, பின் வரிசையில் இருந்த ஒரு விடுதி மாணவன் சொன்னான்: 'எங்க அப்பாகிட்ட எங்க மெஸ் அண்ணன் நம்பர் இருக்கு மேடம். நான் சாப்பிட வந்தேனா, யார்கூட வந்தேன்னு வாராவாரம் கேப்பாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காரு.' அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் ரெனால்டோ காட்சி ஏன் நாடகத்தில் இருக்கிறது என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதைக்கு அவசியமில்லாத காட்சி என்று உங்கள் சுற்றறிக்கையில் இருக்கிறதே, அதே காட்சிதான்.

அந்தக் காட்சியின் இரண்டாம் பாதியில் ஒஃபீலியா பயந்து ஓடி வருகிறாள். அறையில் தைத்துக்கொண்டிருந்தபோது ஹாம்லெட் அலங்கோலமாக உள்ளே வந்து, அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, முகத்தையே வெறித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். வந்து நிற்கும் மகளிடம் பொலோனியஸ் கேட்பது, 'உன்மேல் பைத்தியமா?' என்று. அடுத்து, 'அவனிடம் கடுமையாக ஏதாவது பேசினாயா?' என்று. இல்லை, நீங்கள் சொன்னபடி கடிதங்களைத் திருப்பி அனுப்பினேன், பார்க்க வரவிடவில்லை என்கிறாள். அதனால்தான் அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, வா ராஜாவிடம் போகலாம் என்று கிளம்புகிறார். தான் தப்பாகக் கணித்துவிட்டதற்கு வருத்தம் கூடத் தெரிவிக்கிறார். பயந்து நிற்கும் பெண்ணிடம் உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி அங்கே எழுதப்படாமல் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருவதுதான் இலக்கிய வகுப்பு என்று நான் நினைக்கிறேன்.

ராஜசபையில் நடப்பது இன்னும் மோசம். 'எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவள் என்னுடையவளாக இருக்கும் வரைக்கும்' என்று தொடங்கி, ஹாம்லெட் அவளுக்கு எழுதிய காதல் கடிதத்தை அரசன், அரசி முன்னால் உரக்கப் படிக்கிறார். நடுநடுவே எழுத்து நடைக்கு விமர்சனம் வேறு. பிறகு, ஹாம்லெட் நடைகூடத்தில் உலாவும் நேரம் பார்த்து என் மகளை அவனிடம் அவிழ்த்துவிடுகிறேன், நாம் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கலாம் என்கிறார். மாட்டை அவிழ்த்துவிடுவது போலத்தான் பேசுகிறார். பார்க்கவே கூடாது என்று எவனை விலக்கினாரோ அவனுக்கே அவளைத் தூண்டிலாக்குகிறார். ஹாம்லெட்டுக்கு இந்த மனிதரை நன்றாகத் தெரியும். விவிலியத்தில் தன் ஒரே மகளைப் பலி கொடுத்த யெப்தாவின் பெயரைச் சொல்லி இவரை அழைக்கிறான். குத்து அவருக்குப் புரிவதில்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று பெருமையாகப் பதில் சொல்கிறார்.

அப்புறம் நீங்கள் கத்தரித்த மூன்றாம் அங்கத்துச் சந்திப்பு. மகள் கையில் ஒரு பக்திப் புத்தகத்தைக் கொடுத்து, படிப்பது போல நடந்துகொண்டிரு என்று நிறுத்திவிட்டு, அரசனோடு ஒளிந்துகொள்கிறார். ஹாம்லெட் திடீரென்று கேட்கிறான்: 'உன் அப்பா எங்கே?' 'வீட்டில் இருக்கிறார்' என்கிறாள். அவள் சொல்லும் ஒரே பொய் அது, அதுவும் அப்பாவுக்காகச் சொன்னது. ஹாம்லெட் அவளைக் கன்னியர் மடத்துக்குப் போகச் சொல்லி, வாயில் வந்தபடி ஏசிவிட்டுப் போகிறான். அவள் உடைந்து போய்த் தனியாகப் புலம்புகிறாள். வெளியே வந்த பொலோனியஸ் சொல்கிறார்: 'ஹாம்லெட் பிரபு என்ன சொன்னார் என்று நீ எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கேட்டோம்.' அவ்வளவுதான். அரசன் பக்கம் திரும்பி, அடுத்து அரசியின் அறையில் ஒளிந்து கேட்கலாம் என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். அந்த யோசனைதான் அவர் உயிரையும் வாங்குகிறது: அங்கே திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது ஹாம்லெட் குத்திக் கொன்றுவிடுகிறான்.

ஒஃபீலியாவுக்கு என்ன ஆனது என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார் ஷேக்ஸ்பியர். முதலில், என்ன நினைக்க வேண்டும் என்று தெரியவில்லை என்றாள். நாடகத்துக்குள் நாடகம் நடக்கும் காட்சியில் ஹாம்லெட் அவளை ஆபாசமாகச் சீண்டும்போது, 'நான் ஒன்றும் நினைக்கவில்லை, ஐயா' என்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காததை அவள் பேசுவது புத்தி பேதலித்த பிறகுதான். அப்பா உயிரோடு இருந்தால் காதில் விழவிட்டிருக்க மாட்டார், அப்படிப்பட்ட பாட்டுகளை அரசவையில் நின்று பாடுகிறாள். அப்போதும் அவள் அழுவது அப்பாவுக்காக. அவரைக் குளிர்ந்த மண்ணில் கிடத்திவிட்டார்களே என்று அழுகிறாள், அவர் இறந்த நாளில் வயலட் பூவெல்லாம் வாடிவிட்டதாகச் சொல்கிறாள். கோசின்ட்செவ் எடுத்த 1964ஆம் ஆண்டு ருஷ்யப் படத்தில், அவளுக்குத் துக்க உடை உடுத்தும் முன் இரும்புச் சட்டகம் ஒன்றை மாட்டுவார்கள். வகுப்பில் அந்தத் துண்டைப் போட்டால் யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொன்று. இளவரசன் உனக்கு எட்டாத நட்சத்திரம் என்று சொல்லித்தான் மகளைத் தடுத்தார் பொலோனியஸ். ஐந்தாம் அங்கத்தில், இறந்துபோன ஒஃபீலியாவின் புதைகுழியில் பூவைத் தூவும் அரசி கெர்ட்ரூட், ஹாம்லெட்டின் தாய், சொல்கிறாள்: 'நீ என் ஹாம்லெட்டுக்கு மனைவியாவாய் என்று நம்பியிருந்தேன்.' அந்த ஒரு வரியில் அப்பாவின் காரணம் முழுக்கச் சரிந்துவிடுகிறது. அரசியைத் தினமும் பார்க்கிறவர், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பது அவர் வழக்கமில்லை. அரண்மனையில் ஒற்று வேலையே அவருக்கு உத்தியோகம், அதையே வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டார்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆசிரியர் கூட்டத்தில் பாதியைக் கேட்டுவிட்டேன். பொலோனியஸ் வில்லன் இல்லை என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அவருக்குப் பிள்ளைகள் மேல் பாசம் உண்டு. இளவரசன் தன் இஷ்டத்துக்கு மணம் முடிக்க முடியாது என்று லாயர்டீஸும்தான் எச்சரிக்கிறான், ஆக, பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதனால்தான் இந்தப் பாத்திரம் வேண்டும் என்கிறேன். 'ரோமியோ ஜூலியட்'டில் ஜூலியட்டின் அப்பா கபுலெட் கத்துவார், தெருவில் கிடந்து செத்துப்போ என்று மகளைச் சபிப்பார். அவரை அடையாளம் காண யாருக்கும் வகுப்பு வேண்டியதில்லை. பொலோனியஸ் குரலை உயர்த்துவதில்லை, கை ஓங்குவதில்லை, வேடிக்கையாகப் பேசுகிறார், நமக்கு அவரைப் பிடித்தும் போகிறது. அப்படிப்பட்டவர் ஒரு பெண்ணைச் சிந்திக்கவே முடியாதவளாக ஆக்குவது எப்படி என்று வரிவரியாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் இது.

இதையெல்லாம் நடத்தினால் பெண்பிள்ளைகள் அப்பாவை எதிர்த்துப் பேசுவார்கள், பெற்றோர் புகார் கொண்டு வருவார்கள் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். நாடகத்தை இன்னொரு முறை வாசிக்கும்படி அவரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒஃபீலியா ஒரு தடவை கூட அப்பாவை மீறவில்லை. சொன்னதெல்லாம் செய்தாள். கடிதத்தைத் திருப்பினாள், கிடைத்ததை ஒப்படைத்தாள், சொன்ன இடத்தில் நின்றாள், பொய்யும் சொன்னாள். மீறிய மகளின் கதை இதில் இல்லவே இல்லை.

வகுப்பு முடிந்த பிறகு என் மேசைக்கு வந்த ஒரு மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனை எடுத்து ஒரு செயலியைக் காட்டினாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவள் அப்பாவின் போனில் நீலப் புள்ளியாகத் தெரிந்துகொண்டே இருக்குமாம். 'அவர் திட்டவே மாட்டார் மேடம். பஸ் வேற ரூட்ல போச்சுன்னா உடனே போன் வரும். எங்கம்மா இருக்கன்னு அன்பாத்தான் கேப்பார்' என்றாள். சற்று நின்று, 'ஒஃபீலியாவுக்கு அம்மா இல்லையா?' என்றாள். நாடகத்தில் ஒரே ஒரு இடத்தில் லாயர்டீஸ் தாயைக் குறிப்பிடுகிறான், அவ்வளவுதான் என்றேன். தலையாட்டிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நான் அவளுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்தக் காட்சி பாடத்தில் இருந்ததால்தான் அந்தப் பேச்சே வந்தது. அடுத்த வருடம் அவளுடைய இருக்கையில் உட்காரப் போகிறவள், அறிவுரையை மனப்பாடம் செய்து, இலட்சியத் தந்தை என்று எழுதி, பத்துக்கு எட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. முதல் அங்கத்து மூன்றாம் காட்சியை, ஒஃபீலியா 'கீழ்ப்படிகிறேன்' என்று சொல்லி முடிக்கும் வரை வையுங்கள். சுமார் ஐம்பது வரிதான் கூடும். இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியை முழுதாகத் திருப்பித் தாருங்கள். மூன்றாம் அங்கத்து முதல் காட்சியைத் தனிமொழியோடு நிறுத்தாமல், 'எல்லாவற்றையும் கேட்டோம்' என்ற வரியைத் தாண்டிக் கொண்டு செல்லுங்கள். பக்கக் கணக்கு இடித்தால் ஐந்தாம் அங்கத்தில் ஓஸ்ரிக் என்ற அரசவைக்காரன் தொப்பியோடு அல்லாடும் பகுதியை எடுத்துவிடுங்கள். ரசமான இடம்தான், ஆனால் விட்டுக்கொடுக்கலாம்.

'தந்தையின் அறிவுரை' என்ற தலைப்பையும், ஔவையின் வரியையும், மனப்பாடக் குறிப்பையும் நீக்குங்கள். 'இலட்சியத் தந்தை' கேள்வியை மாதிரி வினாத்தாளிலிருந்து திரும்பப் பெற்று, மகனிடமும் மகளிடமும் பொலோனியஸ் பேசுவதை ஒப்பிட்டு எழுதச் சொல்லும் கேள்வி ஒன்றை வையுங்கள். அவரை நல்ல தந்தை என்று வாதிடும் மாணவருக்கும் அதில் இடம் இருக்கட்டும், வரிகளைக் காட்டி வாதிடட்டும். இந்தத் தாளை நடப்பில் நடத்திக்கொண்டிருக்கும் இணைவுக் கல்லூரி ஆசிரியர்களில் இரண்டு பேரையாவது அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். பாடநூல் அச்சுக்குப் போவதற்கு முன் எழுத்து மூலமாகப் பதில் தாருங்கள். மறுப்பதானால், காரணத்தையும் அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஷேக்ஸ்பியர் தாள் நடத்தும் ஓர் ஆங்கில ஆசிரியை